தவ்பாச் செய்தவர் வீட்டில் பிள்ளையை விடலாமா?

ஒரு மனிதன் இளமையில் வழி தவறினான். போதைப் பொருளைத் தொட்டான், பின்பு விற்கவும் துணிந்தான், பிடிபட்டான், சிறை சென்றான். தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவன் தவ்பாச் செய்து, உழைத்துப் பிழைத்து, ஒழுங்காக வாழ்கிறான். இவனை மன்னிக்கலாமா என்று கேட்டால் நம்மில் எவரும் தயங்க மாட்டோம். அல்லாஹுத்தஆலாவே மன்னிப்பவனாக இருக்கும்போது மன்னிக்க மறுப்பதற்கு நாம் யார் என்று உடனே சொல்லி விடுவோம். பள்ளிவாசலில் அவனோடு தோளுக்குத் தோள் சேர்த்து ஸஃப்பில் நிற்போம்.

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். தாயைப் பிரிந்த ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை அவன் வீட்டில் விட்டு வளர்க்கச் சொல்லலாமா? இப்போது நம் நாக்கு தயங்குகிறது. சற்று முன் தாராளமாக மன்னித்த அதே உள்ளம், "எதற்கும் யோசித்துச் செய்ய வேண்டும்" என்கிறது.

இந்தத் தயக்கத்தை நாம் பழிக்கவில்லை. அதைக் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் அந்தத் தயக்கத்தையே சட்டமாக்கி, ஒருமுறை விழுந்தவன் என்றைக்கும் விழுந்தவனே என்று எழுதி வைத்தால், தவ்பா என்ற சொல்லுக்கு மனிதர்களுக்கிடையே பொருளே இல்லாமல் போய்விடும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நியாயமான பாதை எது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. நாள்தோறும் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி. அங்கே நடப்பதை முன்வைத்து நாமும் சிந்திப்போம்.

அங்குள்ள ஏற்பாடு

பெற்றோர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினாலோ, கவனிப்பாரின்றி விட்டுவிட்டாலோ, நீதிமன்றத்தின் ஆணைப்படி அரசாங்கம் அந்தப் பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொள்கிறது. பெற்றோர் திருந்தித் தகுதி பெறும்வரை பிள்ளை வேறொரு குடும்பத்தில் வளர்கிறது. அந்த வீட்டை வளர்ப்பு இல்லம் என்போம். அது உறவினர் வீடாக இருக்கலாம். முன்பின் அறியாதவர் வீடாகவும் இருக்கலாம். மாநில அரசு அந்த வீட்டையும் வீட்டாரையும் ஆராய்ந்து லைசென்ஸ் வழங்குகிறது. பிள்ளையின் பராமரிப்புக்கென அரசு தரும் முழுத் தொகையும் பெரும்பாலும் அந்த லைசென்சைப் பொறுத்தே கிடைக்கிறது.

2022 ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இவ்விதம் அரசின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் சுமார் 3,68,000 பேர். பிள்ளைகள் வீட்டிலிருந்து அகற்றப்படுவதற்கான காரணங்களுள் பெற்றோரின் போதைப் பழக்கம் பெரியதோர் இடத்தை வகிக்கிறது. 2021, 2022 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 1,00,000 பேருக்கு மேல் அளவு மீறிய போதையால் அந்நாட்டில் மாண்டனர். அப்படி மாண்டவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே, வளர்ப்பு இல்லத்துக்கு மனுச் செய்பவரின் பழைய வாழ்க்கையை, அதிலும் போதைப் பொருள் குற்றத்தை, அரசாங்கம் துருவிப் பார்ப்பதில் வியப்பில்லை.

1997 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம் இரண்டு கோடுகளைக் கிழித்தது. பிள்ளைகளுக்கு எதிரான குற்றம், வாழ்க்கைத் துணையைக் கொடுமைப்படுத்தல், பாலியல் வன்முறை, கொலை போன்ற பெருங்குற்றங்களில் தண்டிக்கப்பட்டவருக்கு லைசென்ஸ் என்றைக்குமே இல்லை. அடிதடி, போதைப் பொருள் ஆகியவை தொடர்பான பெருங்குற்றமாயின், அது கடந்த 5 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டிருந்தால் லைசென்ஸ் இல்லை. இதனை மத்திய அரசு தன் பண உதவிக்கு நிபந்தனையாக வைத்தது. தொடக்கத்தில் மாநிலங்கள் விரும்பினால் இந்நிபந்தனையிலிருந்து விலகிக் கொள்ள இடமிருந்தது. 2006 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாசலை அடைத்துவிட்டது. விரல் ரேகை எடுத்து நாடு முழுவதுமுள்ள குற்றப் பதிவுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதையும் அது கட்டாயமாக்கியது.

5 ஆண்டுகள் கழிந்துவிட்டால் கதவு தானாகத் திறந்து விடுவதில்லை. மத்திய அரசின் பூட்டு மட்டுமே விலகுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்தப் பூட்டைப் போட்டுக் கொள்ளலாம். சிறுகுற்றங்களையும் கணக்கில் எடுக்கலாம். வீட்டிலுள்ள மற்றப் பெரியவர்களின் குற்றப் பதிவுகளையும் பார்க்கலாம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், தாம் திருந்தியதற்கான சான்றுகளைக் காட்டி விலக்குக் கோரும் வழியும் உண்டு.

காலம் ஒன்றே சாட்சியாகுமா?

இந்தச் சட்டத்தில் நியாயமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. போதை என்பது ஒருமுறை செய்து முடிந்துபோகும் பாவத்தைப் போன்றதன்று. அது திரும்பி வரும் நோய். விட்டுவிட்டேன் என்று உண்மையாகவே நம்புகிறவரையும் மீண்டும் வீழ்த்தக் கூடியது. போதையால் ஒருமுறை வீடிழந்த பிள்ளையை மீண்டும் அதே போதை வீட்டில் தள்ளுவதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை. அந்தப் பிள்ளையால் எழுந்து போகவும் முடியாது. யாரிடம் சொல்வது என்றும் தெரியாது.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாக உணர வேண்டும். மன்னிப்பு நம்முடைய சொத்து. அதை நாம் அள்ளிக் கொடுக்கலாம். பிள்ளையின் பாதுகாப்போ நம்முடைய சொத்தல்ல, அது அமானிதம். பிறர் வைத்துச் சென்ற அமானிதத்தை எடுத்து நம் தாராள குணத்தைக் காட்டிக் கொள்ள நமக்கு உரிமையில்லை. எனவே காத்திருக்கச் சொல்வதும் ஆராய்ந்து பார்ப்பதும் தவறாகா.

ஆனால் காலக் கணக்கை மட்டுமே நம்பினால் என்ன நேருகிறது என்பதையும் பாருங்கள். சட்டம் எண்ணுவது குற்றம் செய்த நாளிலிருந்து கழிந்த ஆண்டுகளை. ஒருவன் 6 ஆண்டுகள் சிறையிலேயே கழித்து நேற்று வெளியே வந்தான் என்று வைத்துக் கொள்வோம். மத்திய அரசின் 5 ஆண்டுத் தடை அவனைப் பொறுத்தவரை சிறைக்குள்ளேயே கழிந்து விட்டது. வெளியுலகில் ஒரு நாளாவது அவன் சோதிக்கப்படவில்லை. இன்னொருத்தி 4 ஆண்டுகளுக்கு முன் குற்றம் செய்தாள். நீதிமன்றம் அவளைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டது. அன்று முதல் சிகிச்சை பெற்று, வேலை பார்த்து, வாடகை தவறாமல் கொடுத்து, 4 ஆண்டுகளும் தெளிந்த அறிவோடு வாழ்ந்து வருகிறாள். தடை அவள் மீது மட்டும் நிற்கிறது! முன்னவனை மாநில அதிகாரிகள் வேறு வழியில் தடுத்து நிறுத்தலாம். பின்னவளை ஏற்க அவர்கள் விரும்பினாலும் வழியில்லை. ஆண்டுகளை எண்ணுவது எளிது. ஆண்டுகளுக்குள் நடந்ததைப் பார்ப்பதுதான் கடினம்.

பதிவேடு காட்டுவதும் மறைப்பதும்

மால்கம் எக்ஸ் அவர்களை நம் வாசகர்கள் அறிவார்கள். 1925 இல் பிறந்த அவர் ஆறு வயதில் தந்தையை இழந்தார். 1939 இல் அவருடைய தாயார் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். அரசு நிழலில் பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் மால்கம். பின்பு நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் கஞ்சா விற்றதையும், தாமே போதைக்கு ஆளானதையும் அவரே தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். 1946 இல் சிறை சென்று 1952 இல் வெளியே வந்தார். 1964 இல் ஹஜ்ஜுச் செய்து, அல்ஹாஜ் மாலிக் அல் ஷபாஸ் என்ற பெயருடன் திரும்பினார். 1965 பிப்ரவரி 21 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டபோது நான்கு பெண் பிள்ளைகளின் தந்தையாக இருந்தார். அவர் மறைவுக்குப் பின் இரட்டைப் பெண்கள் பிறந்தனர்.

அவர் சிறை சென்றது எந்தக் குற்றத்துக்காக? வீடு புகுந்து திருடியதற்காக. போதைப் பொருளுக்காக அல்ல. இன்றைய மத்தியச் சட்டம் கிழித்த இரண்டு கோடுகளில் எதிலும் வீடு புகுந்து திருடுதல் என்ற குற்றம் வருவதில்லை. ஆக, பதிவேட்டைப் பார்ப்பவருக்கு மால்கம் செய்த போதை வியாபாரமும் தெரிந்திருக்காது; பின்னாளில் அவர் அடைந்த மனமாற்றமும் தெரிந்திருக்காது. பதிவேடு காட்டுவது பிடிபட்டதை மட்டுமே. பிடிபடாத தீமையும் அதில் இல்லை. பின்பு வந்த நன்மையும் அதில் இல்லை.

யார் பிடிபடுகிறார்கள் என்பதிலும் நீதி ஒரே சீராக இருந்ததில்லை. 1986 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, கட்டியாக்கப்பட்ட கொக்கெய்ன் 5 கிராம் விற்றவருக்கும் தூள் கொக்கெய்ன் 500 கிராம் விற்றவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை: 5 ஆண்டுச் சிறை. கட்டி வழக்குகளில் சிக்கியவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இந்த நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் 2010 ஆம் ஆண்டில்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. கஞ்சாவின் கதையோ வேறு. 2012 இல் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களின் வாக்காளர்கள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினர்; பிறகு பல மாநிலங்கள் அவ்வழியில் சென்றன. அன்று எந்தத் தெருவில் விற்றதற்காக ஒருவன் குற்றவாளி ஆனானோ, அதே தெருவில் இன்று லைசென்ஸ் பெற்ற கடை நடக்கிறது. சட்டம் அனுமதித்து விட்டதால் கஞ்சா ஹலால் ஆகி விடாது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கடை வைத்தவர் கனவானாகவும், அன்று விற்றவர் ஆயுள் முழுவதும் கறை படிந்தவராகவும் நிற்பது நியாயமா என்று கேட்க வேண்டியதும் நம் கடமையே.

நம் இமாம்கள் வைத்த அளவுகோல்

விழுந்து எழுந்தவரை எவ்வளவு நம்பலாம் என்பது நம் சட்டக் கலை இமாம்களுக்குப் புதிய கேள்வியன்று. பத்தினிப் பெண்கள் மீது அவதூறு சொல்லித் தண்டிக்கப்பட்டவனின் சாட்சியம் பற்றி சூரத்துந் நூரின் 4, 5 ஆம் வசனங்கள் பேசுகின்றன. அவன் தவ்பாச் செய்தால் பாவி என்ற பெயர் நீங்குமே தவிர, சாட்சியம் ஒருபோதும் ஏற்கப்படாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. தவ்பாச் செய்தபின் சாட்சியமும் ஏற்கப்படும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. ஆனால் தவ்பாச் செய்தேன் என்று வாயால் சொன்னவுடன் ஏற்றுக் கொள்வதில்லை. அந்தத் தவ்பா உண்மையானதா என்று காலம் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஷாஃபிஈ சட்ட அறிஞர்களுள் பெரும்பாலோர், அதற்கு ஓராண்டு என்று அளவு கூறினர். நான்கு பருவங்களும் ஒருமுறை சுற்றி வரட்டும். எல்லாப் பருவத்திலும் மனிதன் எப்படி இருக்கிறான் என்று பார்ப்போம் என்பது அதன் கருத்து. ஆக, சில குற்றங்களுக்கு நிலையான தடை, சிலவற்றுக்குச் சோதனைக் காலம் என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதன்று.

பிள்ளை வளர்ப்பைப் பற்றிய பாடத்தில் நம் முன்னோர்களின் நுண்ணறிவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளையை வளர்ப்பவர் நம்பத்தகுந்தவராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தக் கெட்ட நடத்தை அந்த உரிமையைப் பறிக்கும்? ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், எந்தத் தீய நடத்தையால் பிள்ளை வீணாகிப் போகுமோ அதுவே உரிமையைப் பறிக்கும் என்று விளக்கியுள்ளார்கள். வளர்ப்பவர் செய்த பாவத்தின் அளவை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. அந்தப் பாவம் பிள்ளையைத் தொடுகிறதா என்று பார்த்தார்கள். நாம் தேடிய நடுப்பாதை இங்கேதான் இருக்கிறது. "இவர் போதிய அளவு தண்டிக்கப்பட்டாரா?" என்பது பிள்ளையின் கேள்வியல்ல. "இவர் மடியில் நான் பத்திரமாக இருப்பேனா?" என்பதே பிள்ளையின் கேள்வி. பழைய குற்றம் இந்த விசாரணைக்குச் சாட்சியாக வரலாம். நீதிபதியாக உட்காரக் கூடாது.

மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒரு தோழரை மற்றொருவர் சபித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்த வரலாறு ஹதீஸ் நூல்களில் உண்டு. தண்டனை நிறுத்தப்படவில்லை, மனிதரும் தள்ளப்படவில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பாட்டியின் வீடு

இப்போது ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். மகள் போதைக்கு அடிமையாகிக் கிடக்கிறாள். அவளுடைய இரு பிள்ளைகளையும் அரசாங்கம் எடுத்துச் செல்ல வருகிறது. தாயின் தாய் கைநீட்டி நிற்கிறாள். ஆனால் அவளும் 25 ஆண்டுகளுக்கு முன் போதைப் பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டவள். மத்தியச் சட்டத்தின் 5 ஆண்டுகள் எப்போதோ கழிந்து விட்டன. ஆனாலும் மாநிலத்தின் விதியோ, அதிகாரியின் அச்சமோ குறுக்கே நிற்கலாம். மறுத்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் ஆளற்ற இடத்துக்குப் போவதில்லை. அறியாதவர் வீட்டுக்குப் போகின்றன. ஒருவேளை அண்ணன் ஓரிடமும் தங்கை ஓரிடமுமாகப் பிரிந்து போகின்றன. மால்கமின் குடும்பத்துக்கு நேர்ந்ததும் இதுதானே! சில சமயம் லைசென்ஸ் இல்லாமலே பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு விடுவதும் உண்டு. அப்போது அன்னியருக்குக் கிடைக்கும் முழுத் தொகை அவளுக்குக் கிடைப்பதில்லை. பிள்ளைகளை விட ஏற்ற வீடு, உதவி கொடுக்க ஏற்காத வீடு என்பது என்ன நியாயம்?

நம் ஃபிக்ஹு நூல்கள் தாய்க்கு அடுத்த இடத்தைத் தாயின் தாய்க்குத்தான் கொடுத்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டமும் மெல்ல மெல்ல உறவின் பக்கம் திரும்பி வருகிறது. மத்திய அரசின் திட்டத்துக்குட்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் உறவினருக்கு, உறவினர் என்ற காரணத்தால் மட்டும் வளர்ப்பு உதவித் தொகையை மறுக்கக் கூடாது என்று 1979 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் வெளியான மத்திய அரசின் விதி, உறவினர் வீடுகளுக்கு மற்றவர்களிலிருந்து வேறான லைசென்ஸ் அளவுகோல்களை வகுத்துக் கொள்ள மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் குற்றப் பதிவு பற்றிய 1997, 2006 ஆம் ஆண்டுகளின் நிபந்தனைகள் உறவினருக்கும் உண்டு. கதவு அகலமாகியிருக்கிறது, வாசற்படி அப்படியே இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் சிறைக்குள்ளே இஸ்லாத்தைத் தழுவியவர்கள் பலர். அவர்களுள் போதைப் பொருள் வழக்குகளில் சிக்கியவர்களும் உண்டு. பிள்ளை வளர்க்கும் ஆசை அவர்களுக்கும் இருக்கும். முஸ்லிம் பிள்ளைகள் அரசின் பொறுப்பில் வரும்போது, அவர்களுக்குத் தொழுகையையும் ஹலால் உணவையும் மறக்கடிக்காத வீடுகள் தேவைப்படுகின்றன. யத்தீமைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்தியது நாம் அறிந்ததே.

அப்படிப்பட்ட சகோதர சகோதரிகளுக்கு நாம் சொல்லக் கூடியது இது. மனுவில் பழைய குற்றத்தை மறைக்காதீர்கள். விரல் ரேகை எப்படியும் பேசிவிடும். அப்போது பழைய குற்றத்தைவிட இன்றைய பொய்தான் உங்களுக்கு எதிராக நிற்கும். தன் பாவத்தை ஊரெல்லாம் பறைசாற்றுவதை மார்க்கம் விரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் பாவத்தைத் திரையிட்டு வைப்பது வேறு. அமானிதத்தைக் கேட்டு வருகிறவர் அமானிதத்தின் காவலர்களிடம் பொய் சொல்வது வேறு. சிகிச்சை பெற்ற சான்று, வேலை செய்த சான்று, உங்களை அறிந்தவர்களின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வழிப்பறிக் கொள்ளையராக இருந்து மனம் மாறிய ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள், தம்மால் பொருளிழந்தவர்களைத் தேடிச் சென்று கணக்குத் தீர்த்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நான் திருந்திவிட்டேன், நம்புங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நம்பத்தக்கவராக நடந்து காட்டினார்கள்.

மறுக்கப்பட்டவர் மனமுடைந்து போக வேண்டியதில்லை. அல்லாஹ்விடம் ஏற்கப்பட்ட தவ்பாவை எந்த அலுவலகத்தின் முத்திரையும் ரத்துச் செய்து விடாது. பிள்ளையின் பொருட்டுக் காத்திருப்பதும் அந்தத் தவ்பாவின் ஒரு பகுதி என்று எண்ணிப் பொறுத்துக் கொள்ளட்டும்.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்கு, அது அலுவலகமாயினும் ஜமாஅத்தாயினும் குடும்பமாயினும், ஒரு வார்த்தை. ஆராயுங்கள், அவசரப்படாதீர்கள். ஆனால் ஏட்டைப் பார்த்து முடித்துக் கொள்ளாமல் வீட்டையும் போய்ப் பாருங்கள். இன்று அந்த வீட்டில் யார் வந்து போகிறார்கள், அடுப்பு எரிகிறதா, பிள்ளை அந்த மடியைக் கண்டதும் ஓடிப் போய் ஏறிக் கொள்கிறதா என்று பாருங்கள். மறுப்பதாயின் பிள்ளைக்காக மறுங்கள். உங்கள் மீது பழி வராமல் இருப்பதற்காக மறுக்காதீர்கள்.

கியாமத்து நாளில் நாம் ஒவ்வொருவரும் நம்முடைய ஏட்டோடுதான் நிற்கப் போகிறோம். அந்த ஏட்டின் பழைய பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றுதானே நாம் அனைவரும் இறைஞ்சுகிறோம்?

வல்ல நாயன் விழுந்தவர்களுக்கு எழும் வலிமையையும், எழுந்தவர்களுக்கு நிலைத்து நிற்கும் உறுதியையும், வீடிழந்த பிள்ளைகளுக்கு அன்பான மடியையும் அருள்வானாக! ஆமீன்.